மூன்று லட்சத்து ஹெட்செட்டா, பத்தாயிரத்து மானிட்டரா?

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வசிக்கிறேன். வயது 44. பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க எக்செல்தான். வீடு சிறியது, மேஜையில் இரண்டு மானிட்டருக்கு இடமில்லை. விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை முகத்தில் மாட்டிக்கொண்டால் கண்முன்னே நான்கு திரை விரியும் என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் டிசம்பரில் ஊருக்கு வருகிறான். "ஆப்பிள் விஷன் புரோ வேண்டுமா, குவெஸ்ட் போதுமா சித்தி?" என்று கேட்கிறான். கோடையில் இரண்டு மாதம் ஏற்காட்டில் மாமியார் வீட்டில் இருப்போம். மாலையில் மழை பிடித்தால் நடக்கப் போக முடியாது. அங்கே உடற்பயிற்சிக்கும் ஆகுமே என்று ஓர் எண்ணம். எட்டு வயது மகளுக்கு அறிவியல் பாடம் காட்டலாமா? என் கணவர், "நாலாம் மாசம் பரணுக்குப் போயிடும்" என்கிறார். அன்றாடம் பயன்படுமா, படாதா?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறோம், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். எக்செல் வேலைக்கு எந்த ஹெட்செட்டும் வேண்டாம். விலை ஏற ஏற இந்தப் பதில் மாறாது. உடற்பயிற்சிக்கு, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் குவெஸ்ட் வரிசையில் விலை குறைந்த 3எஸ் ஆகும், அதுவும் சில சோதனைகளுக்குப் பிறகு. மகளுக்கு இப்போது கூடாது. விஷன் புரோ உங்கள் வீட்டுக்கு வேண்டாத செலவு.

"நான்கு திரை" என்ற பேச்சிலிருந்து தொடங்குவோம். விளம்பரத்தில் திரையின் அகலத்தைக் காட்டுவார்கள். எழுத்து எவ்வளவு கூர்மையாகத் தெரியும் என்பதைக் காட்ட மாட்டார்கள். கூர்மையை அளக்க ஒரு நேரான வழி இருக்கிறது: கண்ணின் பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று பார்ப்பது. குறையில்லாத கண்ணுக்கு டிகிரிக்கு 60 பிக்சல் இருந்தால் புள்ளி தெரியாது.

சாதாரண 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது உங்கள் பார்வையில் ஏறத்தாழ 48 டிகிரியை நிரப்பும். குறுக்குவாட்டில் 1920 பிக்சல். வகுத்தால் டிகிரிக்கு 40. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளின் கணக்கு இது. குவெஸ்ட் 3-க்கு மெட்டா நிறுவனமே சொல்லும் எண் 25. குவெஸ்ட் 3எஸ் அதற்கும் கீழே, 20-ஐ ஒட்டி நிற்கிறது. ஆப்பிள் விஷன் புரோ, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 2.3 கோடி பிக்சல் வைத்திருந்தும், அவை சுமார் நூறு டிகிரிக்குப் பரவிவிடுவதால் 34 பக்கம்தான் வருகிறது. மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்தாலும் எழுத்துக் கூர்மையில் உங்கள் மேஜை மானிட்டரை எட்டவில்லை.

இது எக்செல்லில் எப்படித் தெரியும்? மானிட்டரில் தெரியும் அதே தெளிவோடு குவெஸ்ட் 3-இல் ஓர் எண்ணைப் படிக்க, எழுத்தை 1.6 மடங்கு பெரிதாக்க வேண்டும். அகலத்திலும் 1.6, உயரத்திலும் 1.6. ஆக, முன்பு நூறு கட்டங்கள் தெரிந்த இடத்தில் இப்போது நாற்பதுதான் தெரியும். ஒரு மானிட்டர் அளவு தகவலைப் பார்க்கவே 77 டிகிரி அகலத்துக்கு மெய்நிகர் திரையை விரிக்க வேண்டும். அதாவது கண்முன் தெரியும் பரப்பின் பெரும்பகுதியை ஒரே திரை அடைத்துக்கொள்ளும். மற்ற திரைகளைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியாக வேண்டும். லென்ஸின் ஓரத்தில் கூர்மை மேலும் குறைவதால் கண்ணை மட்டும் ஓட்டிப் படிக்கவும் முடியாது. நான்கு திரை என்று சொன்னது கடைசியில் ஒன்றரைத் திரைக்கு வந்து நிற்கும்.

இணைப்பிலும் சிக்கல் உண்டு. விஷன் புரோ மேக் கணினியின் திரையைத்தான் நேரடியாக எடுத்துக்கொள்ளும். அலுவலகம் கொடுத்தது விண்டோஸ் லேப்டாப் என்றால் இடையில் வேறு செயலி வேண்டும். குவெஸ்டுக்கு விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்டின் மிக்ஸ்ட் ரியாலிட்டி லிங்க் இருக்கிறது, மூன்று திரை வரை தரும். ஆனால் அலுவலக லேப்டாப்பில் அதை நிறுவ ஐடி துறை அனுமதிக்க வேண்டும். கணக்கு விவரம் இருக்கும் லேப்டாப்பின் திரையை இன்னொரு கருவிக்கு அனுப்புவதைப் பல நிறுவனங்கள் விரும்புவதில்லை. வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாலை மீட்டிங்கில் உங்கள் முகத்துக்குப் பதிலாக ஒரு பொம்மை உருவம் தலையாட்டும் என்பதையும் மேலாளரிடம் சொல்லி வைக்க வேண்டியிருக்கும்!

மேஜையில் இடமில்லை என்பதே உண்மையான பிரச்சினை என்றால் தீர்வு மலிவானது. மேஜை விளிம்பில் கவ்வும் மானிட்டர் ஆர்ம் ஒன்று வாங்கி, 27 அங்குல மானிட்டரை அதில் மாட்டி, லேப்டாப்பைக் கீழே வையுங்கள். மேஜையில் அது பிடிக்கும் இடம் உள்ளங்கை அளவுதான். வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்: மானிட்டரின் பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளை இருக்க வேண்டும்; மானிட்டரின் எடை ஆர்ம் தாங்கும் எடைக்குள் இருக்க வேண்டும்; மேஜைப் பலகை கவ்விக்குள் நுழையும் தடிமனாக இருக்க வேண்டும். பலகை மட்டமான பார்ட்டிகிள் போர்டு என்றால் கவ்வி அழுத்தி நொறுக்கிவிடும். மேலும் கீழும் ஒரு இரும்புத் தகடு கொடுத்து இறுக்குங்கள். 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி வேண்டாம், 2560க்கு 1440 பிக்சல் உள்ளதைப் பாருங்கள்.

இப்போது கண்ணும் கழுத்தும். ஹெட்செட்டுக்குள் படம் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், லென்ஸ் அதை நிலையான ஒரே தூரத்தில்தான் வைக்கிறது. பெரும்பாலான ஹெட்செட்டுகளில் ஒன்றரை, இரண்டு மீட்டர். பொருள் அருகே வரும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், ஆனால் கண்ணின் லென்ஸ் அதே தூரத்திலேயே குவிந்து நிற்க வேண்டும். இயல்பில் சேர்ந்தே நடக்கும் இந்த இரண்டும் இங்கே பிரிவதால்தான் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. மணிக்கணக்கில் எண்களைப் பார்ப்பவருக்கு இது சீக்கிரம் தெரியும். உங்களுக்கு இதில் ஒரு சின்ன நல்ல செய்தியும் உண்டு: 44 வயதில் போடத் தொடங்கிய வாசிப்புக் கண்ணாடி ஹெட்செட்டுக்குள் பெரும்பாலும் தேவைப்படாது. தூரப் பார்வைக்குக் கண்ணாடி இருந்தால்தான் அதைப் போட வேண்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் உள்ள புரோகிரசிவ் கண்ணாடி போட்டால் கீழ்ப்பாதி மங்கும்.

எடை குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டுக்கும் 515 கிராம் வாக்கில். முதல் விஷன் புரோ 600 முதல் 650 கிராம். 2025 அக்டோபரில் எம்5 சிப்போடு வந்தது 750 முதல் 800 கிராம், பேட்டரி தனியாக ஒயரில் தொங்கும். பாரம் முழுக்க முன்பக்கம். கன்னத்து எலும்பில் அழுத்தும், பின்கழுத்து இழுக்கும். அரை மணி நேரம் விளையாடும்போது தெரியாத எடை, எட்டு மணி நேர வேலையில் மதியத்துக்குள் தெரிந்துவிடும். சார்ஜும் குவெஸ்ட் 3-க்குச் சராசரியாக 2.2 மணி நேரம், 3எஸ்-க்கு 2.5 மணி நேரம்தான் என்று நிறுவனமே சொல்கிறது.

விஷன் புரோ பற்றி இன்னும் ஒன்று. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மாநில விற்பனை வரி தனி. கண்ணாடி போடுபவர் அதற்கென்று தனி லென்ஸ் வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் விடுங்கள். ஆப்பிள் தன் விவரக்குறிப்பில் இயங்கும் வெப்பநிலையை 0 முதல் 30 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் ஏசி இல்லாத அறை எப்போது 30 டிகிரிக்குள் இருந்தது? அதைப் போட்டுக்கொள்ள நாள் முழுக்க ஏசி ஓட வேண்டும். மின் கட்டணத்தையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்யப்பட்ட கருவிதான், மறுக்கவில்லை. படம் பார்க்க அதைப்போல வேறொன்று இல்லை. ஆனால் ஒரே ஆள்தான் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து படம் பார்க்கும் வீட்டில் அந்தப் பணத்துக்குப் பெரிய டிவியும் சோஃபாவும் வாங்கி மீதமும் இருக்கும்.

உடற்பயிற்சி வேறு கதை. ஹெட்செட் அன்றாடம் உண்மையில் பயன்படும் இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து. இசைக்கேற்ப வரும் கட்டைகளை வாளால் வெட்டும் பீட் சேபர் போன்ற விளையாட்டுகளும் குத்துச்சண்டை விளையாட்டுகளும் இருபது நிமிடத்தில் நன்றாக வியர்க்க வைக்கும். எழுத்துக் கூர்மை அங்கே பொருட்டே அல்ல. ஆகவே 3எஸ் போதும். 2024 அக்டோபரில் வெளியானபோது 128 ஜிபி மாடல் 299 டாலர், 256 ஜிபி 399 டாலர். குவெஸ்ட் 3-இல் இருக்கும் அதே ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 ஜென் 2 சிப்தான் இதிலும். குறைவது லென்ஸும் திரையும். உடற்பயிற்சிக்கு மட்டும் என்றால் 128 ஜிபி தாராளம்.

அதை வீட்டில் ஓட்டத் தேவையானது இரண்டுக்கு இரண்டு மீட்டர் வெற்றுத் தரை. அதைவிட முக்கியம், தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பது. ஹெட்செட் தரையில் கிடக்கும் நாற்காலிக்கு எச்சரிக்கும். சீலிங் ஃபேனுக்கு எச்சரிக்காது. விளையாடக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரோடு கையைத் தூக்கிப் பாருங்கள். விரல் நுனிக்கும் ஃபேன் இறக்கைக்கும் ஒன்றரை அடியாவது இல்லையென்றால் அந்த அறை ஆகாது. ஆடும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, எதிரே டேபிள் ஃபேனை வையுங்கள். வியர்வைக்கும் நல்லது, காற்று வரும் திசையை வைத்து எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் மனதில் இருக்கும். கன்ட்ரோலரின் மணிக்கட்டுக் கயிற்றை ஒருநாளும் மாட்டாமல் ஆடாதீர்கள். வியர்த்த கையிலிருந்து நழுவினால் நேராக டிவியில்தான் போய் விழும்.

"கை தானாக எங்கோ பறக்கிறது", "தரை சாய்கிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கருவி காரணமல்ல, அறைதான் காரணம். குவெஸ்ட் தன் கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று கணிக்கிறது. பீரோ கதவில் முழு நீளக் கண்ணாடி இருந்தால் அறை இன்னொரு மடங்கு நீள்வதாக நினைத்துக் குழம்பும். ஆடும்போது ஒரு போர்வையை மேலே போடுங்கள். கன்ட்ரோலர்களைக் கண்டுபிடிப்பது அவற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளை வைத்து. சாமி படத்தைச் சுற்றிய சீரியல் பல்பு அதற்குப் பக்கத்தில் மின்னினால் எது கன்ட்ரோலர், எது பல்பு என்று திணறும். வெறும் வெள்ளைச் சுவரும் ஆகாது. ஒரு காலண்டர், இரண்டு படம் மாட்டியிருந்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இருட்டறையில் சரியாக வேலை செய்யாது. பிறகு, அமெரிக்காவிலிருந்து வரும் கருவிக்கென்றே ஒன்று: அமைப்புகளில் டிராக்கிங் அலைவரிசை என்று ஒரு இடம் இருக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ் அமெரிக்க மின்சாரத்துக்கு. நம்முடையது 50. தானியங்கியில் விட்டும் படம் நடுங்கினால் 50-ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள். டியூப்லைட் சிமிட்டலால் வரும் தடுமாற்றம் நின்றுவிடும்.

முகத்தையும் கவனிக்க வேண்டும். விபூதி, சந்தனம், பவுடர் எல்லாம் நுண்ணிய துகள்கள். லென்ஸ் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். நெற்றியைத் துடைக்காமல் மாட்டி, பிறகு முந்தானையால் லென்ஸைத் துடைத்தால் கீறல் நிச்சயம். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். தண்ணீர், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஃபோமில் ஊறினால் நாறும், பிறகு பிய்யும். சிலிகான் முக உறை ஒன்று வாங்கிவிடுங்கள், கழுவிக்கொள்ளலாம். கொண்டை போட்டால் பின்பட்டை சரியாக உட்காராது. பின்னலைத் தாழ்த்திப் போட்டு, பட்டையைப் பிடரி எலும்புக்குக் கீழே இறக்கி மாட்டினால் முன்பாரம் குறையும். கூடவே வரும் துணிப்பட்டை உடற்பயிற்சிக்குப் போதாது. பின்னால் திருகி இறுக்கும் கெட்டிப்பட்டை தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தலைசுற்றல். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பேருந்தில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டே ஏறுபவருக்குப் பாதி வழியிலேயே குமட்டும்: காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் திரும்புவதை உணர்கிறது, கண்ணோ அசையாத எழுத்தைப் பார்க்கிறது. ஹெட்செட்டில் இது தலைகீழ். கண் ஓடுகிறது, உடம்பு நிற்கிறது. ஆனால் முரண் அதேதான். நின்ற இடத்திலேயே ஆடும் விளையாட்டுகளில் இது அநேகமாக வராது, ஏனென்றால் கண் பார்க்கும் அசைவும் உடம்பின் அசைவும் ஒன்றே. பொத்தானை அழுத்தி நடப்பது, பறப்பது, கார் ஓட்டுவது, இவைதான் புரட்டும். முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காது சூடாவது, வாயில் நீர் ஊறுவது, கொட்டாவி: இவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே கழற்றுங்கள். "பழகிடும்" என்று தாங்கிக்கொண்டு ஆடினால் பழகாது. ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும் நிலைக்குத்தான் போகும்.

இரண்டு லென்ஸுக்கும் இடைப்பட்ட தூரத்தையும் சரிசெய்ய வேண்டும். 3எஸ்-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலை. உங்கள் கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கண்ணாடிக் கடையில் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். கண்ணாடிச் சீட்டில் 'பிடி' என்று எழுதியிருப்பதும் அதுவே. மூன்று நிலைகளில் எதற்கும் பக்கத்தில் வராமல் 54, 73 என்று இருந்தால் 3எஸ் உங்களுக்குச் சரிவராது. குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருப்பி 53 முதல் 75 வரை வைத்துக்கொள்ளலாம்.

மகள் விஷயம் சுருக்கமானது. மெட்டா கணக்குக்குக் குறைந்தபட்ச வயது 10, அதுவும் பெற்றோர் மேற்பார்வையில். ஆப்பிள் 13 என்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணிடைவெளி பெரும்பாலும் லென்ஸின் மிகக் குறைந்த நிலைக்கும் கீழே இருக்கும், தலைக்கு எடையும் அதிகம். அறிவியல் ஆர்வத்துக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். ஏற்காட்டில் மேகமில்லாத இரவில் நிலாவின் பள்ளங்களும், நிலையாகப் பிடித்தால் வியாழனின் நிலாக்களும் தெரியும். செல்பேசியைச் செருகும் ஆயிரத்துச் சொச்ச ரூபாய்ப் பெட்டிகளும் வேண்டாம். அவை தலை திரும்புவதை மட்டும் உணரும், முன்னே குனிந்தால் உலகமும் கூடவே வரும். தலைவலிக்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

இனி ஏற்காடு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், காபித் தோட்டத்து ஈரம். அங்கே கேமரா வைத்திருப்பவர்களைக் கேட்டால் லென்ஸில் பூஞ்சை என்ற ஒரே குறையைச் சொல்வார்கள். ஹெட்செட்டிலும் அதேதான் வரும், அதைவிட வேகமாக, ஏனென்றால் பூஞ்சைக்கு வேண்டிய வியர்வையையும் தோல் எண்ணெயையும் நாமே ஊட்டுகிறோம். லென்ஸுக்கு உள்பக்கம் ஒட்டடைபோலப் படர்ந்துவிட்டால் பிரித்துச் சுத்தம் செய்ய வழியில்லை.

ஆடி முடித்ததும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். முக உறையைக் கழற்றி ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் காய விடுங்கள். பிறகு ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், 200 கிராம் சிலிக்கா ஜெல் போட்ட துணிப்பையோடு வையுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மானி கிடைக்கிறது. டப்பாவுக்குள் 40 முதல் 50 சதவீதம் காட்டினால் சரி, 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றும் நேரம். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும். அதைச் சமையல் சட்டியில் வறுத்துக் காயவைப்பது ஆபத்து. மழைநாளில் குளிர்ந்து கிடந்த ஹெட்செட்டை மாட்டியதும் லென்ஸ் வேர்க்கும். துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். கருவியை ஓடவிட்டு, நெற்றியில் பாதி தூக்கி வைத்து ஐந்து நிமிடம் பொறுத்தால் அதன் சூட்டிலேயே விலகும்.

சேலத்தில் ஆபத்து வேறு பக்கம். லென்ஸ் வெயிலைப் பார்க்கக் கூடாது. ஜன்னலோரம் லென்ஸ் மேல்நோக்கி வைத்த ஹெட்செட்டில் வெயில் ஒரு நிமிடம் விழுந்தாலே போதும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்குவதுபோலத் திரையில் ஒரு மஞ்சள் புள்ளி நிரந்தரமாக விழுந்துவிடும். வாரண்டியில் இது வராது. நிறுத்தி வைத்த காரில் விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம். கோடையில் காலை ஏழு மணிக்குள் ஆடி முடிப்பது உங்களுக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது; சார்ஜ் ஏறும்போதே ஆடினால் இரண்டு சூடும் சேர்ந்து கருவி எச்சரித்து நின்றுவிடும்.

பெங்களூருக்கு வந்தே பாரத்தில் போகும்போது படம் பார்க்க என்று நினைத்தால், அதற்கும் ஹெட்செட் தோது அல்ல. ரயில் வேகம் மாறும்போது உள்ளே இருக்கும் உணரி அதை உங்கள் தலையின் அசைவாக எடுத்துக்கொள்ளும்; கேமராவுக்கோ பெட்டி அசையாமல் தெரியும். பயணப் பயன்முறையை இயக்கினால் ஓரளவு சரியாகும். போனில் இணைத்துப் படம் பார்க்கும், 80 கிராம் சொச்சம் எடையுள்ள திரைக்கண்ணாடிகள் அதற்குப் பொருத்தம், ஆனால் உங்கள் போனின் சி டைப் துளை வீடியோ வெளியீடு தருகிறதா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. ஹெட்செட், கெட்டிப்பட்டை, சிலிகான் உறை, இரண்டு மூன்று விளையாட்டு எல்லாம் சேர்ந்து 40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு ஆடினால் ஏறத்தாழ 200 மணி. மணிக்கு 200 ரூபாய். முதல் மாதம் பத்து மணி நேரம் ஆடிவிட்டு நிறுத்தினால் மணிக்கு 4,000. உங்கள் கணவர் சொல்லும் பரண் இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது, அவர் சொல்வது வெறும் கேலி அல்ல. ஆகவே, ஏதாவது விஆர் விளையாட்டு மையத்தில் அல்லது வைத்திருக்கும் நண்பர் வீட்டில், இரண்டு வெவ்வேறு நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். இரண்டாம் நாள் போக மனம் வராவிட்டால் அதுவே பதில். ஜம்பிங், தெருநடை, யோகா என்று எதையாவது இப்போதே வாரம் மூன்று நாள் செய்கிறவருக்கு ஹெட்செட் கூடுதலாக உதவும். எதுவுமே செய்யாதவரைச் செய்ய வைக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது.

பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி வகை ஹெட்செட்டுகளைத் தொடாதீர்கள் (முன்பு சொன்ன மிக்ஸ்ட் ரியாலிட்டி லிங்க் வேறு). மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அதைக் கைவிடுவதாக அறிவித்து, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்தே விட்டது. பழைய குவெஸ்ட் என்றால் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து வெயில் புள்ளி இருக்கிறதா பாருங்கள். கன்ட்ரோலர் குச்சியைத் தொடாமல் விட்டால் படம் தானாக நகர்கிறதா, அரை மணி நேரத்தில் சார்ஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பாருங்கள். நிறுவனம் சொல்லும் நேரத்தைவிட மிக வேகமாக இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அதை உள்ளூரில் மாற்றுவது எளிதல்ல.

சோதனையில் தேறிவிட்டால் அக்கா மகனிடம் சொல்ல வேண்டியவை. அமெரிக்காவில் வாங்கிய குவெஸ்ட் பழுது என்றால் திரும்ப அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஊருக்குக் கிளம்ப ஒரு மாதம் முன்பே வாங்கி, அங்கேயே ஓரிரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும். குறை இருந்தால் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். 3எஸ்-இன் விலை மட்டும் என்றால் பயணிகளுக்கான வரியில்லா வரம்புக்குள் அடங்கும், ஆனால் அவன் கொண்டுவரும் மற்றப் பரிசுகளும் அதே வரம்பில்தான் சேரும். லேப்டாப்புக்கு உள்ள தனிச் சலுகை ஹெட்செட்டுக்குப் பொருந்தாது. கிளம்பும் வாரத்தில் சுங்கத் துறைத் தளத்தில் நடப்பு வரம்பைப் பார்த்து, ரசீதைக் கையில் வைத்திருக்கட்டும். லித்தியம் பேட்டரி இருப்பதால் கைப்பையில் கொண்டுவருவதே நல்லது. சார்ஜருக்குத் தனி மின்மாற்றி வேண்டாம். தட்டை முள்ளுக்கு ஒரு மாற்றுப் பிளக் போதும், அல்லது வீட்டில் இருக்கும் 18 வாட்டுக்கு மேற்பட்ட சி டைப் பவர் டெலிவரி சார்ஜரையே போடலாம்.

கன்ட்ரோலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏஏ பேட்டரி. ஏற்காட்டு வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது கழற்றிவிடுங்கள், ஒழுகினால் துளையே அரித்துப்போகும். சோதித்துப் பார்க்கும்போது அவன் தன் கணக்கில் விளையாட்டுகளை வாங்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கியவை கணக்கோடு ஒட்டியவை, பிறகு உங்கள் பெயருக்கு மாறாது. கிளம்பும் முன் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, சேலத்தில் உங்கள் மின்னஞ்சலில் புதிதாகக் கணக்குத் தொடங்குங்கள். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருந்தால் வங்கிச் செயலியில் அதை இயக்கி, மாதத்துக்கு ஒரு சிறிய உச்சவரம்பும் வைத்துவிடுங்கள்.